பியூஸ் போகவில்லை, பாட்டரி கொதித்தது!

புதுவைக் கடற்கரையோரமாக வடக்கே நடந்தால் குருசுக்குப்பம் வந்துவிடும். குருசு என்றால் சிலுவை. அங்கே அலையின் ஓசை நடுக்கூடம் வரை கேட்கும். கூடவே உப்புக் காற்றும் நுழையும். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், வாசல் பூட்டு எதையும் அது விட்டுவைப்பதில்லை.

என் நண்பர் ஒருவர் அந்தப் பேட்டைவாசி. 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் அடித்தபோது இருட்டில் கிடந்தவர். பிறகு மாடியில் சோலார் பேனல் போட்டார். மாடிப்படிக்கு அடியில் 12 வோல்ட் பாட்டரிகள் இரண்டைத் தொடராகக் கோத்து, 24 வோல்ட் ஜோடியாக வைத்தார். 2024 நவம்பர் 30 இரவு 'பெஞ்சல்' புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அந்த ஜோடி போதவில்லை. உடனே இன்னொரு ஜோடி வாங்கி, பழையதன் பக்கத்திலேயே வைத்து, நேருக்கு நேர் கம்பி போட்டு இணைத்துவிட்டார். கிழவரையும் வாலிபரையும் ஒரே நுகத்தில் பூட்டிய கதைதான்!

ஒரு ஞாயிறு இரவு அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். கூடத்தில் அழுகிய முட்டை நாற்றம். நான் மூக்கைச் சுளித்ததைப் பார்த்துவிட்டு, "குழம்பில் முட்டை போடவே இல்லையே, அண்ணா!" என்றார் நண்பரின் மனைவி. நாற்றம் மாடிப்படிக்கு அடியிலிருந்து வந்தது. பழைய பாட்டரி ஒன்றின் மேல் கை வைக்க முடியவில்லை; அப்படிச் சுட்டது.

நண்பர் இன்வெர்ட்டருக்குப் போகும் கம்பியில் இருந்த பியூஸைத் திறந்து பார்த்தார். "பியூஸ் போகவில்லையே, பயமில்லை" என்றார்.

பயம் அங்கேதான் இருந்தது. பக்கத்துத் தெரு வயர்மேன் வந்து, இன்வெர்ட்டரை நிறுத்திவிட்டு, இடுக்கி போன்ற மீட்டரை அந்தக் கம்பியில் மாட்டினார். பூஜ்யம். இரண்டு ஜோடிகளுக்கும் நடுவேயுள்ள இணைப்புக் கம்பியில் மாட்டினார். 40 ஆம்பியர்! வெயில் இல்லை, விளக்கு எரியவில்லை, ஆனால் புது ஜோடி தன் சக்தியையெல்லாம் பழைய ஜோடிக்குள் கொட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை அடியில் குழாய் வைத்து இணைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றில் ஓட்டை விழுந்தால் மற்றதன் தண்ணீரும் அந்த ஓட்டை வழியே போய்விடும். சமையலறைக் குழாயை எவ்வளவு இறுக்கி மூடினாலும் பயன் இல்லை. தொட்டிக்குத் தொட்டி வால்வு வேண்டும்.

12 வோல்ட் பாட்டரிக்குள் இரண்டு இரண்டு வோல்ட்டாக ஆறு அறைகள் உண்டு. அவற்றில் ஒன்றின் தகடுகள் உரசிக்கொண்டால் 24 வோல்ட் ஜோடி 22 ஆகிவிடும். நல்ல ஜோடி சும்மா இருக்குமா? பள்ளத்தை நிரப்பப் பாய்கிறது. மிச்ச அறைகள் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறிக் கொதிக்கின்றன. மெயின் பியூஸுக்கு இது எதுவும் தெரியாது. மாமியார் மருமகள் சண்டை தெருக்கதவுப் பூட்டுக்குத் தெரியுமா?

இது மெல்ல வரும் ஆபத்து. கம்பியை எலி கடித்தோ, கை தவறி ஸ்பேனர் விழுந்தோ ஒரு ஜோடி முழுதாக ஷார்ட் ஆனால், மற்ற ஜோடியிலிருந்து ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். லிதியம் பாட்டரி என்றால் அதைவிடவும் மூர்க்கம். நான்கு ஜோடி இருந்தால் மூன்று சேர்ந்து ஒன்றின் மேல் பாயும்.

ஆகவே ஜோடிக்கு ஒரு பியூஸ். எத்தனை ஆம்பியர்? நண்பருடையது 2000 வாட் இன்வெர்ட்டர். சேதாரத்தையும் சேர்த்தால் சுமார் 100 ஆம்பியர் இழுக்கும். ஆளுக்கு ஐம்பதுதானே என்று 63 ஆம்பியர் போட்டால், ஒன்று போனதும் முழுச்சுமையும் மற்றதன் தலையில் விழுந்து அதுவும் போய்விடும். வயர்மேன் இரண்டிலும் 125 ஆம்பியர் பியூஸ் வைத்து, அதைத் தாங்கும் 35 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போட்டார். பியூஸ் காப்பது கம்பியை. கம்பி மெலிந்து பியூஸ் பருத்தால் கம்பிதான் பியூஸாக எரியும்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் வீட்டு எம்.சி.பி. இதற்கு உதவாது. வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புகிறது. அந்த இடைவெளியில் தீப்பொறி தானே அணையும். பாட்டரியின் மின்சாரத்துக்கு அந்த மூச்சுவிடும் நேரம் இல்லை. பொறி விடாமல் எரியும். டி.சி. எம்.சி.பி.யிலும் சிலவற்றில் கூட்டல், கழித்தல் குறி இருக்கும். மின்சாரம் ஒரு திசையில் போனால்தான் அவை சரியாக அறுக்கும். பாட்டரியிலோ போகவும் வரவும் இரண்டும் உண்டு. டி.சி.க்கென்றே முத்திரையிட்ட எச்.ஆர்.சி. பியூஸ்தான் உத்தமம். அதையும் பாட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், மூடிகளுக்கு நேர் மேலே இல்லாமல் ஒதுக்கி வைக்கவேண்டும். மூடி வழியே வரும் ஹைட்ரஜனுக்கு ஒரு பொறி போதும்.

இதெல்லாம் சின்ன வீட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். தென் கொரியாவில் 2017 ஆகஸ்டு முதல் பெரிய பாட்டரி நிலையங்களில் அடுத்தடுத்துத் தீப்பிடித்தது. 23 விபத்துகளை ஆராய்ந்து 2019 ஜூனில் வெளியிட்ட முடிவில் நான்கு காரணங்கள் சொன்னார்கள். ஷார்ட், எர்த் கோளாறுகளின்போது பாதுகாப்புச் சாதனங்கள் சரிவர வேலை செய்யாதது அவற்றில் ஒன்று. ஈரமும் தூசியும் மண்டிய இடத்தைச் சரியாகப் பராமரிக்காதது இன்னொன்று. கடலோரமும் அதில் பேசப்பட்டது. குருசுக்குப்பத்துக்காரர்கள் கவனிக்கவேண்டிய வரி அது!

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அன்றிரவு ஓடிய 40 ஆம்பியருக்கு 125 ஆம்பியர் பியூஸ் அசைந்திருக்காது. வயர்மேனே அதை ஒப்புக்கொண்டார். "பியூஸ் தீயைத் தடுக்கும் சார், நோயைக் கண்டுபிடிக்காது. அதற்கு மாசம் ஒருமுறை மீட்டர் போட்டுப் பார்க்கணும்" என்றார்.

பழைய ஜோடியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, மற்றதன் ரகத்திலேயே புதிதாக ஒரு ஜோடி வாங்கியாயிற்று. மீட்டரும் வாங்கிவிட்டார் நண்பர். போன மாதம் முதல் தேதி பார்த்தபோது ஒரு கம்பியில் 26 ஆம்பியர், மற்றதில் 14. ஒரு முனையில் பச்சை பூத்திருந்தது. உப்புக் காற்றின் கைவரிசை. எல்லாவற்றையும் நிறுத்தி, முனையைச் சுரண்டி, வாசலின் தடவி முடுக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தார். இரண்டிலும் 20.