தோல் பழசு, எழுத்து புதுசு! 16 சாக்கடல் சுருள் துண்டுகளும் போலின்னு கண்டுபிடிச்சது எப்படி?

அமெரிக்காவின் வாஷிங்டனில் 2017 நவம்பரில் திறக்கப்பட்டது பைபிள் அருங்காட்சியகம். அதன் பெருமைக்குரிய சொத்துகளில் ஒன்று, சாக்கடல் சுருள்களின் 16 துண்டுகள். மூணு வருஷம்கூட ஆகலை. 2020 மார்ச்சில் அருங்காட்சியகமே அறிவித்தது: பதினாறுமே போலி!

எப்படி ஏமாந்தாங்க?

1947-ல் சாக்கடல் ஓரம் கும்ரான் குகை ஒன்றில் ஆடு மேய்ப்பவர்கள் கண்ணில் பட்டவைதான் அசல் சுருள்கள். சுமார் 2,000 ஆண்டுகள் பழமையானவை. எபிரேய பைபிளின் மிகப் பழைய பிரதிகள் இவற்றில்தான் இருக்கின்றன. பெரும்பகுதி ஜெருசலேமில் பத்திரமாக இருக்கு, அதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

சிக்கல் 2002-க்குப் பிறகு வந்த சரக்கில்தான். 'எங்க வீட்டுப் பெட்டகத்தில் ரொம்ப நாளா இருந்தது' என்கிற மாதிரி கதைகளோடு, சுமார் 70 சின்னச் சின்னத் துண்டுகள் தனியார் சந்தையில் விலைக்கு வந்தன. பெரும்பாலும் பைபிள் வசனங்கள். வாங்குபவருக்கு எது பிடிக்கும்னு தெரிஞ்சு செஞ்ச மாதிரி!

அருங்காட்சியகத்தின் 5 துண்டுகள் போலி என்று ஜெர்மனியில் நடந்த சோதனைக்குப் பின் 2018-லேயே தெரிந்துவிட்டது. அதன்பிறகு 16 துண்டுகளையும் தனிக் குழுவிடம் ஒப்படைத்தார்கள்.

மை காட்டிக் கொடுத்தது

பழைய தோல் காய்ந்து விரிசல் விடும், ஓரம் கிழியும். அசலில் எழுத்து முதலில், விரிசல் பிறகு. அதனால் விரிசல் எழுத்தை வெட்டிக்கொண்டு போகும். ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தபோது, இந்தத் துண்டுகளில் மை விரிசலுக்குள்ளே தேங்கி நின்றது. கிழிந்த ஓரத்தில் வழிந்தும் இருந்தது. அதாவது, கிழிஞ்ச பிறகுதான் யாரோ எழுதியிருக்காங்க.

தோலும் வேற. அசல் சுருள்களில் பெரும்பாலானவை எழுதுவதற்கென்றே மெலிதாகத் தயாரித்த பார்ச்மென்ட். இவை தடித்த லெதர். பழங்காலச் செருப்புத் தோலாக இருக்கலாம் என்பது ஒரு ஊகம். மேலே பளபளப்புக்கு விலங்குப் பசை பூசி, மை காய்வதற்குள் சாக்கடல் பகுதி மண்ணையும் தூவியிருக்கிறார்கள். நல்ல உழைப்புதான்!

கார்பன் டெஸ்ட் போதாதா?

போதாது. கார்பன் சோதனை, அந்த மிருகமோ செடியோ எப்போ செத்தது என்று மட்டும்தான் சொல்லும். எழுதினது எப்போன்னு சொல்லாது.

இதற்கு நல்ல உதாரணம் 'இயேசுவின் மனைவி' பாப்பிரஸ். காப்டிக் மொழியில் எழுதப்பட்ட, விசிட்டிங் கார்டு அளவுள்ள துண்டு. ஹார்வர்டு பேராசிரியர் கேரன் கிங் 2012-ல் வெளியிட்டார். கார்பன் சோதனையில் பாப்பிரஸ் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழசு என்றே வந்தது.

ஆனால் மொழி அறிஞர்கள் விடவில்லை. அதே ஆளிடமிருந்து வந்த யோவான் நற்செய்தித் துண்டு ஒன்றும் இருந்தது. அதை 1924-ல் அச்சான ஒரு பதிப்போடு ஒப்பிட்டார்கள். அந்தப் புத்தகத்தில் ஒரு வரி விட்டு ஒரு வரி எடுத்து எழுதியது போல, வரிகள் முடியும் இடங்கள் அச்சு அசலாகப் பொருந்தின! 'மனைவி' துண்டிலோ, இணையத்தில் இருந்த தோமா நற்செய்திப் பதிப்பு ஒன்றின் பிழை அப்படியே இருந்தது.

கடைசி அடி ஆய்வுக்கூடத்திலிருந்து வரவில்லை. துண்டைக் கொடுத்தவர் யார், வாங்கியதாகக் காட்டிய பத்திரங்கள் நிஜமா என்று 2016-ல் ஒரு பத்திரிகையாளர் தேடிப் போனார். தி அட்லாண்டிக் இதழில் அவர் கட்டுரை வந்தது. அந்த ஆளின் பின்னணியைத் தான் விசாரிக்கவில்லை என்று கிங் ஒப்புக்கொண்டார். 'போலியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்' என்கிற முடிவுக்கும் வந்தார்.