இரண்டாம் நாற்காலி – 14: பதினாறாயிரம் டாலர் மனிதர்கள்

ஷஹீன் ஹாலோவே 2000-இல் சீட்டன் ஹால் கல்லூரிக்காகக் கூடைப்பந்து ஆடும்போது கணுக்கால் பிசகி விழுந்தாரே, அங்கே போன வாரம் நிறுத்தினோம். 1996-இல் கோபி பிரையன்ட்டும் ஆடிய பள்ளி நட்சத்திர ஆட்டத்தில் சிறந்த ஆட்டக்காரர் விருதைத் தட்டிச் சென்ற அதே பையன்தான். மீதி உங்களுக்கு நினைவிருக்கும்.

இந்த வாரம் அவர் துணைப் பயிற்சியாளராக இருந்த பதினோரு வருடங்களைச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் காலத்துச் சம்பளங்களைத் தேடப் போன இடத்தில் ஒரு எண் கிடைத்தது. அதைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. 16,000 டாலர்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் சங்கமான என்.சி.ஏ.ஏ.வுக்கு 1991-இல் சிக்கன ஞானம் பிறந்தது. கல்லூரிகள் விளையாட்டில் காசைக் கொட்டுகின்றன, குறைக்க வேண்டும் என்றார்கள். எங்கே குறைப்பது? தலைமைப் பயிற்சியாளர் சம்பளத்தில் கை வைக்கவில்லை. முதல் இரண்டு துணைப் பயிற்சியாளர்களையும் தொடவில்லை. பெஞ்சின் கடைசியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார் இல்லையா, அந்த நான்காமவரைப் பிடித்தார்கள். படிப்பு நடக்கும் மாதங்களுக்கு 12,000 டாலர், கோடைக்கு 4,000. அதற்கு மேல் எந்தக் கல்லூரியும், எவ்வளவு பணக்காரக் கல்லூரியாக இருந்தாலும், அவருக்குக் கொடுக்கக் கூடாது. மாதத்துக்கு 1,333 டாலர். 1992 ஆகஸ்டில் விதி நடைமுறைக்கு வந்தது. அந்தப் பதவிக்குப் பெயரே ‘வருமான வரம்புள்ள பயிற்சியாளர்’. நெற்றியில் எழுதி ஒட்டிவிட்டார்கள்.

இளைஞர்கள் தொழில் கற்றுக்கொள்ள ஒரு வாசல் திறக்கிறோம் என்பது சங்கம் சொன்ன காரணம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அனுபவசாலிகள் அந்த இடத்துக்கு வரக் கூடாது என்று விதியில் ஒரு வரிகூட இல்லை. வந்தார்கள். வேறு நாற்காலி காலியில்லாதபோது என்ன செய்வார்கள்? முன்பு இதே மாதிரி வேலைக்கு வருடம் அறுபது, எழுபதாயிரம் டாலர் வாங்கியவர்களும் இருந்தார்கள். ஒரே கையெழுத்தில் அந்தக் காலம் முடிந்தது.

நார்மன் லா என்ற துணைப் பயிற்சியாளரும் இன்னும் சிலரும் கான்சஸ் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்கள் கையில் எடுத்தது 1890-ஆம் வருடத்து ஷெர்மன் சட்டம். எண்ணெய்க் கம்பெனிகளும் ரயில் கம்பெனிகளும் கூடிப் பேசி விலை வைப்பதைத் தடுக்கப் பிறந்த சட்டம் அது. இவர்களுடைய வாதம் எளிமையானது: கல்லூரிகள் வெற்றிக்காக ஒன்றோடொன்று மோதுகின்றன, எங்கள் சம்பளம் என்று வரும்போது மட்டும் ஒரே மேசையில் உட்கார்ந்து விலை பேசி முடிக்கின்றன. 1995-இல் நீதிபதி கேத்ரின் வ்ராட்டில் அதை ஏற்றார். 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஆமோதித்தது. அதே வருடம் ஜூரி கணக்குப் போட்ட இழப்பு 2 கோடியே 23 லட்சம் டாலர். இந்தச் சட்டத்தில் இழப்பீடு மூன்று மடங்காகும். ஏறக்குறைய 6 கோடியே 70 லட்சம். கடைசியில் 1999-இல் 5 கோடியே 45 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. பெஞ்சின் கடைசி மனிதனிடம் மிச்சம் பிடிக்கப்போய் சங்கம் கட்டிய தண்டம் இது. இந்த வாரம் முழுக்க இதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

சம்பளம் என்றதும் ஜான் காலிபாரியை விட முடியாது. நியூஜெர்சிக்காரர்களுக்கு அவரைத் தெரியும். 1990-களின் பிற்பாதியில் நமது நெட்ஸ் அணிக்குப் பயிற்சியாளராக வந்து போனவர். 1980-களின் தொடக்கத்தில் அவர் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் சம்பளமில்லாத துணை. ஆட்டக்காரர்களின் சாப்பாட்டு மேசையில், பட்டாணி வேண்டுமா சோளம் வேண்டுமா என்று கேட்டுப் பரிமாறினாராம். பிற்காலத்தில் கென்டக்கியில் அவர் சம்பளம் வருடத்துக்கு 80 லட்சம் டாலருக்கும் மேல். இவரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முடிவதற்குள் திரும்ப வருவார்.

சரி, ஹாலோவே.

2007-இல் கெவின் வில்லார்ட், நியூயார்க் பக்கத்து அயோனா கல்லூரியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அதற்கு முந்தைய பருவத்தில் அயோனா 2 வெற்றி, 28 தோல்வி. இப்படியொரு அணிக்குப் போகிறவரோடு யார் கூடப் போவார்கள்? ஹாலோவே போனார். 2010-இல் வில்லார்ட் சவுத் ஆரஞ்சில் இருக்கும் சீட்டன் ஹாலுக்கு மாறினார். ஹாலோவேயும் தான் படித்த கல்லூரிக்கே திரும்பினார், துணைப் பயிற்சியாளராக. எட்டு வருடம்.

இந்த வேலையில் என்ன செய்வார்கள்? அடுத்து மோதப்போகும் அணிகளைத் துணைப் பயிற்சியாளர்கள் ஆளுக்குச் சிலவாகப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். உங்கள் பங்கு அணியின் வீடியோக்களை இரவெல்லாம் பார்த்து, அவர்கள் எந்தப் பக்கம் திரும்புவார்கள், யாரைத் தடுத்தால் பந்து யாரிடம் போகும் என்று எழுதி, மறுநாள் ஆட்டக்காரர்கள் முன்னால் ஒப்பிக்க வேண்டும். தோற்றால் எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள். ஜெயித்தால் பத்திரிகையாளர் சந்திப்பில் தலைமைப் பயிற்சியாளர் உட்கார்ந்திருப்பார். மிச்ச நேரத்தில் ஆள் பிடிக்கும் வேலை. பள்ளி மைதானங்களுக்குப் போய் பதினேழு வயதுப் பையனைப் பார்த்து, அவன் அம்மாவிடம் பேசி, மாமாவிடம் பேசி, நம்பிக்கை பெற வேண்டும். குவீன்ஸில் வளர்ந்த ஹாலோவேக்கு நியூயார்க் மைதானங்கள் அத்துப்படி. புரூக்ளினிலிருந்து ஐசையா வைட்ஹெட் வந்தார். கூடவே நல்லதொரு கூட்டமும் வந்தது. 2016 மார்ச்சில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சீட்டன் ஹால் 69–67 என்று வில்லனோவாவைச் சாய்த்து, 1993-க்குப் பிறகு முதல் முறையாக, தான் ஆடும் கல்லூரிக் கூட்டணியான பிக் ஈஸ்டின் கோப்பையை வாங்கியது. தோற்ற வில்லனோவா அடுத்த சில வாரங்களில் தேசியச் சாம்பியன் ஆனது என்றால் அந்த வெற்றியின் எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யார் யாரிடம் உட்கார்ந்தார்கள் என்பதுதான் இந்தத் தொழிலின் ஜாதகம். கோடம்பாக்கத்தில் புட்டண்ணாவிடம் பாரதிராஜா, பாரதிராஜாவிடம் பாக்யராஜ், பாக்யராஜிடம் பார்த்திபனும் பாண்டியராஜனும் என்று சொல்வோமே, அப்படி. ஹாலோவே வில்லார்டிடம். வில்லார்ட் ரிக் பிடினோவிடம். பிடினோ சிராக்யூஸின் ஜிம் பேஹைமிடம். 1976-இல் பேஹைம் பிடினோவை வேலைக்குப் பேசப் போனது எப்போது தெரியுமா? பிடினோவின் கல்யாண நாள் இரவில், மணமக்கள் தங்கியிருந்த ஹோட்டலுக்கே! மணமகளை மாடியில் காக்கவைத்துவிட்டு மாப்பிள்ளை கீழே கூடைப்பந்து பேசினார். தேனிலவு தள்ளிப்போனது. கல்யாணம் நிலைத்தது, அது வேறு விஷயம்.

2018-இல் ஹாலோவேக்குத் தலைமை நாற்காலி கிடைத்தது, ஜெர்சி சிட்டியின் செயின்ட் பீட்டர்ஸில். இந்தியா ஸ்கொயரில் தோசை சாப்பிட்டுவிட்டு கென்னடி புலிவார்டில் தெற்கே நடந்தால் வரும் சின்னக் கல்லூரி. நம்மில் பலர் அதைத் தாண்டிப் போயிருப்போம், ஏறிட்டுப் பார்த்திருக்க மாட்டோம். 2022 மார்ச் 17-இல் தேசியப் போட்டியில் பதினைந்தாம் தரவரிசையில் இருந்த இவர்கள், இரண்டாம் தரவரிசைக் கென்டக்கியைக் கூடுதல் நேரத்தில் 85–79 என்று வீழ்த்தினார்கள். எதிர் பெஞ்சில் இருந்தவர், பட்டாணி பரிமாறிய காலிபாரி. பிறகு மர்ரே ஸ்டேட்டை 70–60, பர்டூவை 67–64. பதினைந்தாம் தரவரிசை அணி ஒன்று கடைசி எட்டுக்குள் வந்தது அதுவே முதல் முறை. அங்கே நார்த் கரோலினாவிடம் தோற்றார்கள்.

இந்த ஓட்டத்தின் நடுவில்தான், மர்ரே ஸ்டேட்டுக்கும் பர்டூவுக்கும் இடையில், வில்லார்ட் சீட்டன் ஹாலை விட்டு மேரிலாண்டுக்குப் போனார். நாற்காலி காலி. மார்ச் 30-இல் ஹாலோவே அதில் உட்கார்ந்தார். 2024-இல் என்.ஐ.டி. என்ற தேசிய அழைப்புப் போட்டியின் கோப்பையும் வாங்கினார். கென்டக்கியை ஜெயித்ததால்தான் அவருக்கு அந்த இடம் என்பார்கள். பாதி உண்மை. அந்த வாரத்தில் வில்லார்ட் இடம் மாறாமல் இருந்திருந்தால் காலி இடமே இருந்திருக்காது. துணைப் பயிற்சியாளனின் திறமை அவனை வாசல்வரை கொண்டுவரும். கதவு திறப்பது பெரும்பாலும் அடுத்தவர் கிளம்பும்போதுதான்.

ஸ்டான்ஃபோர்ட் பெண்கள் அணியின் துணைப் பயிற்சியாளராக இருந்த ஏமி டக்கரைப் பற்றி இந்த வாரமே எழுதுவதாக இருந்தேன். அவரது பக்கங்களை நீதிமன்றம் தின்றுவிட்டது. 1985 முதல் 2017 வரை பே ஏரியாவிலேயே, தலைமைப் பயிற்சியாளர் டாரா வான்டெர்வீரின் பக்கத்திலேயே இருந்தவர். ஒரே ஒரு பருவம், 1995–96-இல், தலைமைப் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டு அணியைக் கடைசி நான்குக்குள் கொண்டுபோனவர். அடுத்த வாரம் அவர்தான், வாக்கு.

அதுவரை கணக்கை முடித்துவிடுகிறேன். 2023 ஜூலையிலிருந்து ஒரு கூடைப்பந்து அணி ஐந்து துணைப் பயிற்சியாளர்களை வைத்துக்கொள்ளலாம். ஐந்தாமவர் சம்பளம் இவ்வளவுதான் என்று எழுதிவைக்க என்.சி.ஏ.ஏ. துணியவில்லை. பட்ட காசு அப்படி.