மலையிறங்கும்போது பிரேக் ஏன் பஞ்சாகிறது?

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது இன்ஜினுக்கு வேலை, இறங்கும்போது பிரேக்குக்கு. பாதி மலை இறங்கியதும் பிரேக் மிதி பஞ்சு போல உள்ளே போனால், பலரும் முதலில் சந்தேகப்படுவது பிரேக் பேடைத்தான். உண்மைக் காரணம் பானட்டுக்குள் இருக்கும் சின்ன டப்பாவில் இருக்கலாம். பைக் என்றால் ஹேண்டில்பாரில்!

பிரேக் ஆயில் என்று சொல்கிறோமே தவிர, அது எண்ணெய் அல்ல. பெரும்பாலான வண்டிகளில் இருப்பது கிளைக்கால் வகைத் திரவம். (அதில் இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் உப்பி, பிரேக்கே கெட்டுவிடும்.) திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. அதனால்தான் உங்கள் கால் கொடுக்கும் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் சூடு திரவத்துக்கும் ஏறும். அது கொதித்தால் ஆவிக் குமிழ்கள் வரும். குமிழ்கள் சுருங்கும், கால் அழுத்தம் அதிலேயே காணாமல் போகும்.

இன்னொரு வில்லன், ஈரம். திறந்துவைத்த உப்பைப் போல இந்தத் திரவம் காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சும். புதிய 'டாட் 4' திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 3.7 சதவிகிதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிதான். 'டாட் 3'க்கு 205, 140. 'டாட் 5.1'க்கு 260, 180. முதல் எண் 'டிரை', இரண்டாவது 'வெட்'. தினமும் ஆபீஸுக்கும் கடைக்கும் ஓட்டுகிறவர்கள் பார்க்க வேண்டியது 'வெட்' எண்ணைத்தான். ஒருமுறை ஊற்றினால் வருடக்கணக்கில் அதிலேயே ஓடுகிறோமே!

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் கதை வேறு. முழு வேகம், பலமான பிரேக், மறுபடி முழு வேகம் என்று லேப்புக்கு லேப் சூடு ஏறும். அங்கே 'டிரை' எண் 300 டிகிரியைத் தாண்டிய ரேஸிங் திரவம் தேவை. அதை அடிக்கடி மாற்றவும் செய்வார்கள். அந்த விலையுயர்ந்த பாட்டிலை ஊர் வண்டியில் ஊற்றிவிட்டு மூன்று வருடம் மறந்துபோவது வீண் செலவு. அதற்குப் புதிதாக மாற்றிய சாதாரண 'டாட் 4' எவ்வளவோ மேல்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். 'டாட் 5' சிலிகோன் வகை, 'டாட் 5.1' கிளைக்கால் வகை. இரண்டையும் கலக்கவே கூடாது. டப்பா மூடியில் எந்த எண் இருக்கிறதோ அதையே கேளுங்கள். மெக்கானிக் பாதி காலியான பழைய பாட்டிலை எடுத்தால், சீல் உடைக்காததைக் கேட்டு வாங்குங்கள். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

மலையில் இறங்கும்போது கியரைக் குறைத்து, இன்ஜினையே வேகத்தைப் பிடிக்கவிடுங்கள். மிதி பஞ்சானால், விட்டுவிட்டு வேகமாக மிதித்துப் பாருங்கள். கொஞ்சம் அழுத்தம் திரும்பலாம். பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, நன்றாக ஆறவிடுங்கள். ஆறியதும் குமிழ்கள் அடங்கி, மிதி பழையபடி கெட்டியாகிவிடும். இதை நம்பித்தான் பலர் 'சரியாயிடுச்சு' என்று கிளம்பிவிடுகிறார்கள். ஈரம் ஏறிய திரவம் உள்ளேயேதான் இருக்கிறது. ஊர் வந்ததும் வண்டி போக வேண்டிய முதல் இடம் மெக்கானிக் ஷெட்.