ஒரு சவரனுக்கு எத்தனை மூட்டைப் பாறை?



தங்கத்தின் விலையைத் தினமும் விசாரிக்கும் நாம், அது பூமிக்குள் எப்படி வந்தது என்று யோசிப்பதில்லை. நமக்கு அருகிலுள்ள கோலார் தங்கவயலே அதற்குப் பாடம்.

ஏறக்குறைய 270 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே எரிமலைக் குழம்பு பரவி இறுகியது. பின்பு நிலம் நெருக்குண்டு பாறைகள் வெடித்தன. ஆழத்திலிருந்து கந்தகம் கலந்த வெந்நீர், தங்கத்தைக் கரைத்துக்கொண்டு அந்த வெடிப்புகளில் ஏறியது. அழுத்தமும் சூடும் குறையவே, கரைந்திருந்த தங்கம் வெண்கல் எனப்படும் குவார்ட்ஸோடு படிந்தது. இந்தப் பாறைப் பட்டை வடக்கு தெற்காக 80 கிலோமீட்டர் நீளம். அதன் தென்கோடி சித்தூர் மாவட்டத்துக்குள் வருகிறது. குப்பம் பக்கத்துச் சிகுருகுண்டாவிலும் தங்கம் எடுத்திருக்கிறார்கள்.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்க வேலையைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதி ஏழை மக்கள் குடும்பத்தோடு போய் உழைத்தார்கள். 1960 வரை நம் திருத்தணியும் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அங்கே வெக்கை தாங்காது. பாறை வெடித்து உயிர்கள் போயின. மொத்தம் சுமார் 800 டன் தங்கம் கிடைத்தது.

இனி நம் கணக்கு. ஆரம்பத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கு மேல் கிடைத்தது. அதாவது நூறு கிலோ மூட்டை இரண்டைப் பொடித்தாலே ஒரு சவரன். கடைசிக் காலத்தில் டன்னுக்கு 3 கிராம் அளவுதான். அதே சவரனுக்கு 27 மூட்டை! ஆழம் கூடக் கூடச் செலவும் ஏறியது. நஷ்டம் தாங்காமல் 2001 பிப்ரவரி 28-ல் அரசு நிறுவனம் சுரங்கத்தை மூடியது.

சம்பள நாளை நம்பிக் கடன் கொடுத்த மளிகைக்காரரின் நிலையை நாம் சொல்லத் தேவையில்லை. இன்று அவ்வூரார் பலர் வேலைக்காகத் தினமும் பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள்.

கடையில் சரக்கு தீர்ந்தால் மறு லோடு இறக்கலாம். 270 கோடி வருஷத்துச் சரக்குக்கு மறு லோடு கிடையாது. கிருத்திகைக் கூட்டத்தையே நம்பிக் கடை நடத்தும் நாமும், ஒரே வாடிக்கையில் முழு முதலையும் முடக்காமல் இருப்பது நல்லது.