மலைக்கடைக்கும் டவுன் கிடங்குக்கும் இடையே ஒரு சுரங்கம்



வத்தல்மலையிலிருந்து காபியும் மிளகும் தர்மபுரிக்கு இறங்குகின்றன. அரிசியும் எண்ணெயும் சர்க்கரையும் மேலே ஏறுகின்றன. மலையில் கடையும் டவுனில் கிடங்கும் வைத்திருக்கும் ஒரு வியாபாரியை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கு முழுவதும் கிடங்குக் கம்ப்யூட்டரில். மலைக்கடைக் கம்ப்யூட்டர் இன்டர்நெட் வழியாக அதைக் கேட்டுத்தான் இருப்பு பார்க்கும், பில் போடும். கேட்பது கிளையண்ட், பதில் சொல்வது சர்வர்.

அவசரத்தில் இணைப்புக் கொடுப்பவர்கள், கிடங்கு மோடத்தில் கணக்கு மென்பொருளுக்கு நேராக ஒரு வாசலைத் திறந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வேலை நடக்கும், குறை தெரியாது. ஆனால் அந்த வாசல் உலகத்துக்கே திறந்திருக்கிறது. மறைப்பில்லாத இணைப்பாக இருந்தால் பாஸ்வேர்டும் அப்படியே வெளிப்படையாகப் போகும். நம் கொள்முதல் விலையும், யார் எவ்வளவு பாக்கி என்பதும் அடுத்தவர் கைக்குப் போனால் என்னாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணக்கையே பூட்டிவிட்டுப் பணம் கேட்பவர்களும் உண்டு. 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் பல நாடுகளில் இதைத்தான் செய்தது.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். பேரம் கூட்டத்தின் நடுவேதான். பக்கத்தில் நிற்பவருக்கு விலை தெரியாது. எஸ்.எஸ்.எச். என்ற ஏற்பாடும் ஏறக்குறைய அதுவே. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டதையடுத்து, அங்கிருந்த டாட்டு யுலோனென் 1995-ல் இதை எழுதினார். 1999-ல் வந்த ஓப்பன் எஸ்.எஸ்.எச். இலவசமானது, 2018 முதல் விண்டோஸ் 10 உடனேயே வருகிறது. ஆகவே தனியாக விலை கொடுக்க வேண்டியதில்லை.

வேலை செய்யும் விதம் இதுதான். மலைக்கடையின் பில் மென்பொருள் கிடங்கை நேராக அழைக்காது. தன் கம்ப்யூட்டரிலேயே உள்ள ஒரு வாசலில் விவரத்தைக் கொடுக்கும். எஸ்.எஸ்.எச். அதை வாங்கி, சங்கேதமாக மாற்றி, கிடங்கின் 22-ஆம் எண் வாசலுக்கு அனுப்பும். அங்கே அது பிரிக்கப்பட்டுக் கணக்கு மென்பொருளிடம் சேரும். இதையே சுரங்கம் என்கிறார்கள். வெளியே திறந்திருக்க வேண்டியது 22 மட்டும். பழைய கணக்கு வாசலை மூடச் சொல்லுங்கள். பலரும் மறப்பது இதைத்தான். மூடாவிட்டால் சுரங்கம் போட்டும் பயனில்லை. கடைக் கம்ப்யூட்டரிலேயே வைரஸ் இருந்தாலும் சுரங்கம் காப்பாற்றாது.

பாஸ்வேர்டைவிடச் சாவி ஜோடி நல்லது. பொதுச்சாவி கிடங்கில் இருக்கும், தனிச்சாவி கடையில். தனிச்சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ஆளுக்கொரு சாவி கொடுத்தால், ஒருவர் வேலையை விட்டு நிற்கும்போது அவருடைய பொதுச்சாவியை மட்டும் கிடங்கில் நீக்கிவிடலாம்.

முதல் முறை இணைக்கும்போது சர்வரின் கைரேகை என்று ஓர் எழுத்து வரிசை தோன்றும். படிக்காமல் 'யெஸ்' அடிப்பதே வழக்கமாகிவிட்டது. கிடங்கில் இருப்பவரைப் போனில் கூப்பிட்டு ஒத்துப் பாருங்கள். பிறகொரு நாள் கைரேகை மாறியதாக எச்சரிக்கை வந்தால், கிடங்கில் கம்ப்யூட்டர் மாற்றினார்களா என்று விசாரிக்கும் வரை கைப்பில்லே போதும்.

மலையில் சிக்னல் அறுந்தால் சுரங்கமும் அறும். மறுபடி இணைத்ததும், கடைசி பில் எண் கிடங்கில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததைப் போடவும். இல்லையேல் ஒரே சரக்குக்கு இரண்டு பில் விழும்.