முத்துச்சிப்பியின் குலமுறை



சிலாவத்துறை என்னும் பெயரைக் கேட்டவுடன் முத்தின் நினைவு வரும். முத்துக்குளிப்பைச் சலாபம் என்று கூறுதல் பழைய வழக்கு. சலாபத்துறையே சிலாவத்துறை ஆயிற்று என்பர். ஊருக்கு வடக்கே அரிப்பிலே, மக்கள் அல்லிராணிக் கோட்டை என வழங்கும் இடிந்த மாளிகை நிற்கின்றது. அது ஆளுநர் பிரெடெரிக் நோர்த் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யும் பொருட்டுக் கட்டுவித்தது. மாளிகையின் சுவர்களைக் கடல் அரித்துவிட்டது. அம்மாளிகையை எழுப்பச் செய்த செல்வமும் கடலுள் மறைந்தது.

அச்செல்வம் சிறியதன்று. 1905ஆம் ஆண்டிலே, நமக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியிற் கூடிய குளிப்பில் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டே பார்கள் யாவும் ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907இன் பின் அக்கம்பனிக்குக் குளிப்பு வாய்க்கவில்லை; சில ஆண்டுகளில் அது கலைந்தது. மறுகரையிலே தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நிகழ்ந்த குளிப்புக்களே அங்கு இறுதியானவை.

சிப்பிகள் ஏன் மறைகின்றன? இதனை ஆராய 1902ஆம் ஆண்டு ஹேர்ட்மன் என்னும் பேராசிரியர் இங்கு வந்தார். அவருக்குத் துணையாக ஹோர்னல் என்பவர் வந்தார். பெரிய பாரிலே கோடிக்கணக்கான சிப்பிக் குஞ்சுகள் வந்து பற்றுவதும், தென்மேல் பருவக்காற்றின் பின் அவை இருந்த இடம் தெரியாமற் போவதும் அவர்கள் கண்ட செய்தி. 1880இன் பின் குறைந்தது 11 முறை அப்பார் இயற்கையாகவே நிரம்பியும், ஒரு குளிப்புக்கேனும் உதவவில்லை என ஹேர்ட்மன் எழுதினார். ஆகவே அக்குஞ்சுகளை அள்ளிச் சேவற் பார் போன்ற நிலையான பார்களிலே நட வேண்டும் என்பது அவர் கூறிய வழி.

அக்காலத்து அறிஞர் கேட்ட கேள்வி, “பாரிலே எத்தனை சிப்பிகள் உள்ளன?” என்பது. இக்காலத்துப் பிறப்புரிமையியல் இன்னொரு கேள்வியையும் கேட்கின்றது: “அவை யாருடைய பிள்ளைகள்?” இக்கேள்வியின் பயனை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

மாட்டுக்குக் குறிசுடும் வழக்கத்தை நாம் அறிவோம். பட்டி மாறிய மாட்டைக் குறி காட்டிக்கொடுக்கும். அவ்வாறே ஒவ்வோர் உயிரின் கலத்துள்ளும் டி.என்.ஏ என்னும் நுண்ணிய இழையிலே அதன் குலக்குறி எழுதப்பட்டிருக்கின்றது. பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருவது அது. சிப்பியின் தசையில் மிகச் சிறு துணுக்கு ஒன்று போதும். இரு சிப்பிகள் ஒரு வயிற்றுப் பிறப்பா, அயற் குலமா என்று கூறிவிடலாம்.

இவ்வறிவைப் பெரிதும் பயன்கொண்டவர் சால்மன் மீனைக் காப்போர். பேணியில் அடைபட்டு நம் கடைகளுக்கும் வந்த அம்மீன், ஆற்றிலே பிறந்து, கடலிலே வளர்ந்து, முட்டையிடத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் இயல்பினது. அதனால் ஆற்றுக்கு ஆறு அதன் குலம் வேறுபடும். கடலில் ஒரே வலையில் அகப்படும் மீன்களுள் எவை எந்த ஆற்றைச் சேர்ந்தவை என்று குலக்குறியாற் கண்டு, நலிந்த ஆற்றின் மீன்கள் கடந்து செல்லும்வரை வலையை நிறுத்தி வைக்கவும் முடிகின்றது.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலே ரெட்ஃபிஷ் என்றோர் ஏரி உண்டு. கடலிலிருந்து ஏறத்தாழ 1,450 கிலோமீற்றர் எதிர்நீச்சலிட்டு அங்கு சால்மன்கள் வந்துகொண்டிருந்தன. 1992ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது ஒரே ஓர் ஆண் மீன். 1991 முதல் 1998 வரை எட்டு ஆண்டுகளில் வந்தவை எல்லாமாக 16. அம்மீன்களைப் பிடித்து வளர்த்தவர்கள், குலக்குறியைப் பார்த்து, நெருங்கிய உறவுள்ளவை இணையாதவாறு சோடி சேர்த்தனர். 2014இல் 1,500க்கு மேற்பட்ட மீன்கள் திரும்பின. பொருத்தம் பார்த்துச் செய்த மணத்தின் பயன் இது எனலாம்.

ஆயினும் வளர்ப்பகம் எப்போதும் நன்மையே செய்யும் என எண்ணலாகாது. ஒறிகன் மாநிலத்து ஹூட் ஆற்றிலே, சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டீல்ஹெட் மீனைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வு ஒன்று, வளர்ப்பகத்திற் கழித்த ஒவ்வொரு தலைமுறைக்கும், அம்மீன் காட்டாற்றிலே பிள்ளை பெறும் திறன் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு குறைவதைக் காட்டியது. தொட்டியிலே உணவும் காவலும் பெற்றுப் பிழைக்கும் குணம் வேறு. ஆற்றிலே பிழைக்கும் குணம் வேறு.

இனி நம் முத்துச்சிப்பிக்கு வருவோம். 1981இலே தூத்துக்குடியில் இந்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தொட்டியிலே முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிக்கச் செய்தனர். ஒரு தாய்ச்சிப்பி இலட்சக்கணக்கான முட்டைகளை இடும். ஆதலின் பத்துச் சிப்பிகளைக் கொண்டே பாரை நிரப்பிவிடலாமே என்று தோன்றும். கண்ணி இங்குதான் இருக்கின்றது.

ஒரு கணக்குப் பார்ப்போம். தாய் 5, தந்தை 5 எனின், பிறந்த குஞ்சுகள் பத்து இலட்சமாயினும் குலக்கணக்கிலே அவை பத்துப்பேர் குடும்பமே. ஒரு தலைமுறையிலேயே அவற்றின் வேறுபாட்டுச் செல்வத்தில் நூற்றுக்கு 5 பங்கு போய்விடும். தாய் 8, தந்தை 2 எனின் பெற்றோர் தொகை பத்தாயினும் பயன் ஆறரைக்கும் குறைவு. இழப்பு நூற்றுக்கு எட்டை நெருங்கும். தாய் 50, தந்தை 50 எனின் இழப்பு அரைப் பங்கு மட்டுமே. வேறுபாடு குறைந்த கூட்டத்தை ஒரே நோய் முழுவதும் அழித்துவிடலாம்.

யப்பானியர் இதனை அனுபவத்தில் அறிந்தனர். 1990களில் அவர்களுடைய முத்துச்சிப்பிகள் நோயினாற் பெருவாரியாக மடிந்தன. நல்ல முத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்ததனால் உறவுக்கலப்பும் மிகுந்திருந்தது. 2012இல் ஒக்கினாவா ஆய்வாளர் அச்சிப்பியின் டி.என்.ஏ முழுவதையும் வாசித்து வெளியிட்டனர். 2022இல் மேலும் நுணுகி நோக்கியவர்கள், நோயெதிர்ப்புக்குரிய பரம்பரை அலகுகளில் வேறுபாடு நிலைத்திருத்தல் வேண்டும் என்று எடுத்துக் காட்டினர்.

சால்மனுக்கும் சிப்பிக்கும் ஒரு பெரு வேற்றுமை உண்டு. சால்மன் தன் வீட்டைத் தேடி வரும். சிப்பியின் இளங்குஞ்சோ ஏறத்தாழ மூன்று வாரம் நீரோட்டத்தில் மிதந்து, வாய்த்த இடத்திலே பற்றும். ஆகையால் எந்தப் பார் தாய்ப்பார், எது பிள்ளைப்பார் என்பதை முதலில் அறிதல் வேண்டும். தாய்ப்பாரைக் காவாது பிள்ளைப்பாரைக் காத்துப் பயனில்லை. தாய்ப்பார் மறுகரையிலே எனத் தெரியின், காவலும் இரு நாட்டாரின் கூட்டுக் காவலாதல் வேண்டும். மன்னார்க் குடாவிலே 1976இல் இரு அரசுகளும் எல்லைக்கோடு வகுத்தன; மிதக்கும் குஞ்சுக்கு அக்கோடு தெரியாது.

இது முத்தோடு முடியும் செய்தியன்று. இன்று மன்னார், கிளிநொச்சி, யாழ்ப்பாணக் கரைகளிலே கடலட்டைப் பண்ணைகள் பெருகியுள்ளன. பொரிப்பகக் குஞ்சுகள் அங்கே விடப்படுகின்றன. அவையும் கடல்நீரிலேயே முட்டையும் விந்தும் விடுவன. பண்ணை வேலி அட்டையைத் தடுக்கும், முட்டையைத் தடுக்குமா? பண்ணைக் குலம் கடற்குலத்தோடு கலந்தே தீரும். ஆதலின் குஞ்சு வாங்குவோர் விலையைக் கேட்பதோடு, “எத்தனை பெற்றோரின் பிள்ளைகள்? அப்பெற்றோர் எந்தக் கடலில் எடுக்கப்பட்டவை?” என்றும் கேட்டல் வேண்டும். பொரிப்பகத்தார் பெற்றோர் தொகையை மிகுதியாக்கி, ஆண்டுதோறும் புதியவற்றைக் கடலிலிருந்து சேர்த்து, கணக்கேடு வைத்தல் வேண்டும். அயற் கடற் குலத்தை ஆராயாமற் கொணர்தல் ஆகாது.

விதைநெல்லை ஒரே கதிரிலிருந்து எடுக்கும் உழவன் இல்லை. வயலுக்கு நாம் அறிந்த அந்நீதியைக் கடலுக்கும் செலுத்துவோமாயின், மீண்டும் ஒரு நாள் பார் நிரம்பும்போது அந்நிறைவு ஒரு பருவக்காற்றோடும் ஒரு நோயோடும் ஒழிந்துபோகாது.