பெருங்கணினியின் ஏவல் வினைகள்

வினைப்பகுதியே ஏவலாக நிற்பது தமிழின் இயல்பு. 'நட', 'எழுது', 'கொடு' என்னும் சொற்கள் விகுதி எதனையும் வேண்டாமலே முன்னிலை ஒருமையில் ஏவுகின்றன. இலக்கண வகுப்பில் நாள்தோறும் கற்பிக்கப்படும் இவ்வேவல் வினைக்கு ஒப்பானது பெருங்கணினியின் உள்ளேயும் ஆட்சி செலுத்துகின்றது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் ஆயிரக்கணக்கான கொடுக்கல் வாங்கல்களை ஒரே நேரத்தில் நடத்துவது இத்தகைய சில ஏவல்களைக் கொண்டேயாம். அவை யாவை, அவற்றால் காக்கப்படுவது யாது என்பதை ஈண்டுக் காண்போம்.

தோற்றம்

மலேசியாவில் 1960-களின் நடுப்பகுதியிலேயே தேசிய மின்சார வாரியத்தில் ஐபிஎம் 1401 கணினி அமர்ந்துவிட்டது. அதே காலப்பகுதியில் அமெரிக்காவின் மின்சார, தொலைபேசி நிறுவனங்கள் ஒரு தேவையை உணர்ந்தன. வாடிக்கையாளர் கேட்ட அப்பொழுதே அவருடைய கணக்கை எடுத்துக்காட்ட வேண்டும் என்பதே அது. அதற்கென ஐபிஎம் நிறுவனம் ஆக்கிய மென்பொருள் 1969-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சிஐசிஎஸ் என்னும் பெயரால் வெளிவந்தது. 1974 முதல் அது இங்கிலாந்தின் ஹர்ஸ்லி ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்டு, இன்றும் பயன்பட்டு வருகின்றது.

இவ்வமைப்பில் ஒருவர் தொடங்கிவைக்கும் வேலை 'பணி' எனப்படும். அப்பணிக்குரிய கட்டளைகளின் தொகுதி 'நிரல்' ஆகும். நிரலை ஆளும் ஏவல்கள் ஒருவகை. பணிகளை ஆளும் ஏவல்கள் மற்றொரு வகை.

அழைத்தலும் ஒப்படைத்தலும்

நிரலை ஆளும் ஏவல்களுள் தலையாயவை மூன்று: 'லிங்க்', 'எக்ஸ்சிடிஎல்', 'ரிட்டர்ன்' என்பன. இவற்றை முறையே 'அழை', 'ஒப்படை', 'மீள்' எனத் தமிழில் வழங்கலாம்.

மலாக்கா மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களின் பழைய அலுவலகத்தை நினைவிற் கொண்டால் இவற்றின் வேறுபாடு விளங்கும். சம்பளக் கணக்கு எழுதும் கிராணிக்கு ஒருவர் கொணர்ந்த பாலின் நிறை தெரியவேண்டும். கணக்கைத் திறந்தபடியே வைத்து, பெயரெழுதிய சீட்டொன்றை நிறுவைக்காரரிடம் அனுப்புகிறார். சீட்டு, நிறை குறிக்கப்பெற்றுத் திரும்பும் வரை அவர் காத்திருக்கிறார். திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். இதுவே 'அழை'. நிரல்களுக்கிடையே செல்லும் அச்சீட்டைப் பொதுப்பகுதி என்பர். அது ஏறத்தாழ 32,000 எழுத்துகளே கொள்ளும். அந்த எல்லையைக் கடக்கும் வழி 2005-ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது.

அதே கிராணி வேறு தோட்டத்திற்கு மாற்றலாகிறார் எனக் கொள்வோம். சாவியையும் பேரேட்டையும் புதியவரிடம் தந்துவிட்டுச் செல்கிறார்; அவர் திரும்புவதில்லை. அதன்பின் தோட்டத்துத் துரைக்கு மறுமொழி சொல்லவேண்டியவர் புதியவரே. இதுவே 'ஒப்படை'. ஒப்படைக்கப்பட்ட நிரல் 'மீள்' என்னும் ஏவலைச் செய்தால், கட்டுப்பாடு தன்னிடம் ஒப்படைத்த நிரலுக்குச் செல்லாது. அந்நிரலை முன்னர் அழைத்த மேல்நிலை நிரலுக்கே செல்லும். இதனை மறந்து அழைக்கவேண்டிய இடத்தில் ஒப்படைத்துவிட்டால், முன்னைய நிரலின் எஞ்சிய பகுதி நடைபெறாமலே போகும்.

இவையன்றி, வட்டி அட்டவணை போன்றவற்றை நினைவகத்தில் கொணர்ந்து வைக்க 'லோட்' என்னும் ஏவலும், பயன் முடிந்தபின் விடுவிக்க 'ரிலீஸ்' என்னும் ஏவலும் உண்டு.

எச்சமும் முற்றும்

'வாங்கி, எண்ணி, பதிந்து' என்னும் எச்சங்கள் 'கொடுத்தான்' என்னும் முற்றை அவாவி நிற்கின்றன. முற்று வாராவிடின் தொடர் பொருள் நிரம்புவதில்லை. கணினிப் பணியும் அத்தகையதே.

ஜாசின் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளி ஒருத்தி, மகளின் படிப்புக்காகத் தன் கணக்கிலிருந்து மகள் கணக்கிற்கு 300 வெள்ளி மாற்றுகிறாள் எனக் கொள்வோம். தாயின் கணக்கில் பணம் கழிக்கப்பட்டது. மகளின் கணக்கில் சேருமுன் நிரல் முறிந்தது. அந்த 300 வெள்ளி எங்கே? அது வீணாகாமல் காப்பது முற்றைப் பற்றிய விதியேயாம். மேல்நிலையிலுள்ள நிரல் 'மீள்' என்று முடிக்கும்போதுதான் இறுதி மாற்றங்கள் நிலைபெறும். இடையில் முறிந்தால், மீட்புக்குரியன என அறிவிக்கப்பட்ட கோப்புகளில் அதுவரை முற்றுப்பெறாத மாற்றங்கள் யாவும் நீக்கப்பட்டுப் பழைய நிலை திரும்பும். தாயின் பணம் தாயிடமே இருக்கும்.

காத்தலும் விடுத்தலும்

இனி, பணிகளை ஆளும் ஏவல்கள். 'என்க்' என்பது பொதுவான ஒன்றைத் தனக்கெனப் பற்றிக்கொள்வது. 'டெக்' என்பது அதனை விடுவது. 'சஸ்பெண்ட்' என்பது தன் முறையைச் சற்றே விட்டுக்கொடுத்து, தனக்கு ஒப்பான அல்லது மேலான முதன்மையுடைய பணிகளுக்கு வழிவிடுவது.

கோப்பிலுள்ள ஒரு பதிவைத் திருத்துவதற்காக எடுக்கும்போது அமைப்பே அதனைப் பூட்டிவிடும். ஆயின் பொது நினைவிடத்தில் வைக்கப்பட்ட இரசீது எண்ணுக்கு அத்தகைய காவல் இல்லை. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் இருவர் ஒரே நேரத்தில் பணம் கட்டுகின்றனர். இரண்டு பணிகளும் 500 என்னும் எண்ணைப் படித்து, ஒவ்வொன்றும் 501 என எழுதினால், ஒரே எண்ணில் இரண்டு இரசீதுகள் பிறக்கும். பின்னர் வழக்கு வந்தால் எது எவருடையது என்று எங்ஙனம் துணிவது? முதற்பணி அவ்வெண்ணைப் பற்றிக்கொண்டு, எழுதி, பிறகு விட்டால் இவ்விடர் இல்லை. எல்லா நிரல்களும் இம்முறையை ஒருங்கே கடைப்பிடித்தல் இன்றியமையாதது. பற்றாமலே எழுதும் நிரல் ஒன்று இருப்பினும் காவல் பயனற்றதாகும்.

பற்றுதலிலும் தீங்குண்டு. ஒரு பணி முதற்பொருளைப் பற்றி இரண்டாவதற்காகவும், மற்றொரு பணி இரண்டாவதைப் பற்றி முதலாவதற்காகவும் காத்திருந்தால் இரண்டும் நகரா. எல்லாப் பணிகளும் பொருள்களை ஒரே வரிசையில் பற்றவேண்டும் என்பதே இதற்கு எளிய தீர்வு. விட மறந்த பற்று வேலை முற்றுப்பெறும்போது தானே நீங்கும். ஆயினும் அதுவரை மற்றவரைக் காக்கவைத்தல் முறையன்று.

அழைத்தவரிடம் மீள்க, எடுத்துக்கொண்டதை விடுக, தொடங்கியதை முடிக்க என்னும் மூன்று ஒழுங்குகளிலேயே எளியவரின் சேமிப்பு காக்கப்படுகின்றது. ஏவலும் எச்சமும் முற்றும் கற்ற மாணவனுக்கு இவை முற்றிலும் புதியன அல்ல. இலக்கண வகுப்பிலேயே ஆசிரியர் இவ்வொப்புமையை எடுத்துக்காட்டினால், கணினிக் கல்வியின் வாயில் தமிழிலேயே திறக்கும்.